இஞ்சு தூக்கி எறிந்த நான்கு டேப்புகள்

என் அக்காவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் லாரி ஓட்டுகிறான். இளையவள் தையல் கடை வைத்திருக்கிறாள். இளையவளுக்கு வைத்த பெயர் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் வழங்குகிறது. மற்ற எல்லோருக்கும் அவள் இஞ்சு. ஏழு வயதில், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் மூக்கை டேப்பால் அளந்து, "ரெண்டே கால் இஞ்சு" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பத்தேழு வயதாகியும் உரிந்து விழவில்லை.

நான் அவளுக்குச் சித்தி. என் அக்கா போன பிறகு அவளைப் பற்றி யாருக்கு என்ன தெரிய வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் இந்த விஷயத்தில் என் பங்கையும் மறைக்காமல் எழுதுகிறேன். சந்தேகத்தை முதலில் கிளப்பியவள் நான்.

இஞ்சுவின் கடை இரண்டு அறை. முன்னறையில் கடை, பின்னறையில் வீடு. கடையில் மூன்று மெஷின், ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் போல ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி. சுவரில் ஆணி அடித்து, பாக்கெட், காலர், கைப்பட்டி என்று வடிவங்களை வெட்டித் தொங்க விட்டிருப்பாள். அந்த வடிவங்களுக்குப் பழைய எக்ஸ்ரே படம்தான் தோது என்பது அவள் கண்டுபிடிப்பு. அட்டை என்றால் நைந்துபோகும். இது நைவதில்லை. தெரிந்தவர்கள் யாருக்கு எலும்பு உடைந்தாலும், "படத்தை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பாள். வெளிச்சத்தில் பார்த்தால் யாருடைய இடுப்பெலும்போ சட்டைக் காலராகத் தொங்குவது தெரியும்.

அவள் புருஷன் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். எங்கள் வீட்டில் அவரை மெஷின்காரர் என்போம். வாட்டசாட்டமான ஆள், முறம் மாதிரி இரண்டு கை. ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடலாம். இப்படிப்பட்டவர்களை எனக்கு எப்போதும் நம்பத் தோன்றுவதில்லை. பேசுகிறவன் மனதில் இருப்பது பாதியாவது வெளியே வரும். பேசாதவன் எங்கே வைத்திருக்கிறான் என்று தெரியாது.

கடையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடை திறந்த தேதி ஒவ்வொரு வருஷமும் வரும்போது, அரை நாள் வேலையை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் உயரம் அளப்பார்கள். இஞ்சு, அவள் புருஷன், கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் பெண், மூன்று பேரும் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். இது விளையாட்டுக்கு இல்லை. துணி டேப் நாளாக ஆக இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட டேப்பால் அளந்தால் எதுவும் இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். வளர்ந்த ஆளின் உயரம் மாறப்போவதில்லை. ஆகவே ஆளை வைத்து டேப்பைச் சோதிப்பது. போன வருஷம் காட்டிய எண்ணை இந்த வருஷம் காட்டாவிட்டால் டேப் கெட்டுவிட்டது, தூக்கி எறி. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கும். அளப்பதும் எழுதுவதும் மெஷின்காரர். முதலில் நிற்பவள் இஞ்சு.

முதல் நாலு வருஷம் அவள் அறுபத்து மூன்று இஞ்சு. ஐந்தாம் வருஷம் அறுபத்து இரண்டே முக்கால்.

"டேப் போச்சு" என்றாள். தூக்கிப் போட்டுவிட்டுப் புது டேப்பைப் பிரித்தாள். மற்ற இரண்டு பேரையும் புது டேப்பில் அளந்தார்கள். அவர்கள் பழையபடியே இருந்தார்கள். பார்த்தீர்களா, டேப்தான் என்றாள். தன்னைத் திரும்ப அளக்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மெஷின்காரர் மட்டும் தான் பார்த்த எண்ணை அப்படியே எழுதி வைத்தார்.

அடுத்த வருஷம் அறுபத்து இரண்டரை. இன்னொரு டேப் போனது. அதற்கடுத்த வருஷம் அறுபத்து இரண்டு. "இப்ப வர்ற டேப்பெல்லாம் ஏமாத்து" என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனாள். எட்டாம் வருஷம் அறுபத்து ஒன்றரை. அப்போது டேப்பை மட்டும் இல்லை, புருஷனையும் திட்டினாள்.

"நேரா பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு? இந்த இழுப்பு இழுத்து அளந்தா குறைச்சலாத்தான் வரும்."

அவர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதாக, காஜாக்காரி பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

இதற்கிடையில் அவள் விரல்கள் வேறு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. கத்தரியைப் பிடிக்க முடியாது. அதற்கும் முதலில் கத்தரியைத்தான் சந்தேகித்தாள். "சாணை பிடிக்கிறேன்னு திருகாணியை இறுக்கி வெச்சிருக்கீங்க" என்று அதுவும் மெஷின்காரர் தலையில் விழுந்தது. விரல் கணுக்கள் புடைத்து மோதிரம் கழலாமல், கடைசியில் அவர்தான் சிறிய ரம்பத்தால் அறுத்து எடுத்தார். குளிர் என்றாள், வேலை ஜாஸ்தி என்றாள், வயசு என்றாள். வைத்தியரிடம் மட்டும் போகவில்லை. போனால், தைக்காதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெற்றவளுக்கு அடுத்தபடி வளர்த்தவளுக்குத் தெரியாதா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குட்டை முக்காலியிலிருந்து கால் வழுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. ஒரு சாண் உயரம் இருக்காது அந்த முக்காலி. கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள், படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு பாக்கெட்டும் ஒரு காலரும் வெட்டிக்கொண்டாள். அந்தக் கை வலிக்கென்று மருந்துக் கடையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கேட்டு வாங்கினாள். வாங்கிச் சாப்பிட்ட மூன்றாம் நாள் கை வலி மட்டும் இல்லை, விரல் வலியும் போனது. அப்புறம் அந்த மாத்திரையை விடவில்லை. சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை.

போன வருஷம் விலா முறிந்தது.

இங்கேதான் நான் வருகிறேன். அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"மேசை மேல சாஞ்சு துணியை இழுத்தேன் சித்தி. விளிம்பு குத்திடுச்சு."

கடைப் பக்கம் வந்தேன். காஜாக்காரியிடம், "எப்படி ஆச்சாம்?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது பெரியவங்களே. நான் காலைல வந்தப்பவே அக்கா படுத்திருந்தாங்க. முதல் நாள் சாயங்காலம் நல்லாத்தான் இருந்தாங்க. மேசைமேல பள்ளிக்கூட யூனிபார்ம் துணி மலையா கிடந்துச்சு, சாயறதுக்கு எங்க இடம்?"

சொன்னது ஒன்று, இருந்தது ஒன்று. நான் மெஷின்காரரைப் பார்த்தேன். ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தேன்.

என் அப்பாவுடன் பிறந்த அத்தை ஒருத்தர் இருந்தார். பத்து வருஷமாக விழுந்துகொண்டே இருந்தார். மாடிப்படியில் விழுந்தார், குளிக்கிற இடத்தில் விழுந்தார், ஒருமுறை கதவில் மோதிக்கொண்டார். பாவம், நடக்கத் தெரியாதவள் என்று நாங்கள் சிரித்தோம். அவர் செத்துப்போன பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் விழுந்தாலும் நான் எண்ணுவேன். ஒன்று என்றால் விடுவேன். இரண்டு என்றால் விடமாட்டேன்.

லாரிக்காரனுக்குப் போன் போட்டேன். "முதல்ல கை, இப்ப விலா. உன் தங்கச்சி மேசைங்கிறா. எனக்கு மேசைன்னு தோணல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் அவனுக்குத் தேவையும் இல்லை. சரக்கேற்றிக் கயிறு கட்டினால் முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் அவன். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், டீக்கடைக் கண்ணாடியில் வண்டி தெரிகிற மாதிரி பார்த்து உட்காருவான்.

இரண்டாம் நாள் மத்தியானம் வந்து இறங்கினான். கடை ஷட்டரைப் பாதி இறக்கினான். காஜாக்காரியைச் சாப்பிடப் போகச் சொன்னான். இஞ்சுவை நாற்காலியில் உட்கார வைத்தான். மெஷின்காரர் சுவரோரம் நின்றார்.

"மாப்ள, நேராவே கேக்கறேன். கை வெச்சீங்களா?"

"இல்ல மச்சான்."

"இல்லன்னா எங்கயோ பாத்து ஏன் சொல்றீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க."

மெஷின்காரர் அவனைப் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் சரிதான், இவன்தான் என்று நினைத்தேன்.

"அண்ணா, அவரை விடு. நான்தான் மேசையில..." என்றாள் இஞ்சு.

"எந்த மேசைடி? எந்த விளிம்பு? காட்டு. நானும் சாஞ்சு பாக்கறேன்." அவன் மேசைமேல் கவிழ்ந்தே பார்த்தான். "எனக்கு எதுவும் ஒடையலையே."

"உனக்கு உள்ள சதை இருக்கு, எனக்கு இல்ல."

"வாயை மட்டும் யாரும் ஒடைக்கல போல."

அவள் சிரிக்கப் பார்த்தாள், விலா இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் மறுக்க மறுக்க எங்களுக்குச் சந்தேகம் கூடியது. அத்தையும் அப்படித்தான் மறுத்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரன் எழுந்தான். "சரி. நாளைக்குக் காலைல வண்டி கிளம்புது. உன் துணிமணியை எடுத்து வை. கொஞ்ச நாள் எங்க வீட்டுல இரு. இவர் மேல போலீஸ்ல எழுதிக் குடுக்கிறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"கடையை யாரு பாக்கறது?"

"கடை போனா போகட்டும். நீ இருந்தாப் போதும்."

கடை போகட்டும் என்ற வார்த்தையில்தான் இஞ்சுவுக்குக் கோபம் வந்தது. எழுந்து நிற்க முயன்றாள். அண்ணன் பிடிக்கப் போனான், தட்டிவிட்டாள். மேசையின் விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்து, அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் போட்டாள்.

"படி."

"என்ன இது?"

"என் உயரம். எட்டு வருஷத்துக்கு. நாலு வருஷமா குறையுது. டேப் கெட்டுடுச்சு, டேப் கெட்டுடுச்சுன்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டிருந்தேன். போன மாசம் எனக்கு ஒரு நீளக் கவுன் தைச்சேன், என் பழைய அளவுக்கு. தரையைக் கூட்டுது. துணிக்கு என்ன, அது பொய் சொல்லுமா? அண்ணா, அடிச்சா வீங்கும். அடிச்சா ஒருத்தி குட்டையாவாளா?"

லாரிக்காரன் நோட்டைக் கையில் எடுத்தான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவன் கண் வரிவரியாக இறங்கியது. அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா?

"இது அவர் எழுத்துதானே."

சந்தேகம் வந்தவனுக்குத் தாளும் எதிராளிதான். வெளியே போய் லாரியிலிருந்து இரும்பு டேப் ஒன்றை எடுத்து வந்தான். தங்கையைக் கதவு நிலையில் நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, தானே அளந்தான். அறுபத்து ஒன்றே கால். மெஷின்காரர் எழுதியதைவிடக் கால் இஞ்சு இன்னும் குறைவு.

அப்போதுதான் மெஷின்காரர் இடத்தைவிட்டு நகர்ந்தார். பின்னறைக்குப் போய் ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். பழைய பாபின், உடைந்த ஊசி, திருகாணி எல்லாம் போட்டு வைத்திருக்கிற டப்பா. எதையும் எறியாத ஆள். அதற்குள்ளிருந்து நாலு துணி டேப்பை எடுத்து மேசைமேல் வரிசையாக விரித்தார்.

"இவ எறிஞ்சது" என்றார்.

லாரிக்காரனின் இரும்பு டேப்பைப் பக்கத்தில் நீட்டி வைத்தார். நாலும் சரியாக இருந்தன. ஒரு கோடு முன்னே பின்னே இல்லை.

இஞ்சு அவரைப் பார்த்தாள். "தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா நீ நம்பமாட்ட. நானே தப்பா அளக்கிறேன்னு நெனச்சேன்" என்றார். அன்று அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

மறுநாள் லாரி கிளம்பவில்லை. நாலு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். லாரிக்காரன் சந்தேகத்தை விட்டுவிட்டான் என்று நினைக்க வேண்டாம். ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் அவன்தான் உட்கார்ந்தான்.

அங்கே இருந்த டாக்டரம்மாவும் எங்கள் ஜாதிதான், சந்தேகத்தில். புதுசாக எடுத்த விலா, முதுகுப் படங்களைப் பார்த்தார், இஞ்சுவைப் பார்த்தார், மெஷின்காரரைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வீட்டுல பயமில்லாம இருக்கீங்களா? யாராவது அடிக்கிறாங்களா? என்கிட்ட சொல்லலாம்."

"எல்லாரும் இதையே கேளுங்க" என்றாள் இஞ்சு.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "கேக்கறது என் வேலை. கேக்காம விட்டுப் போனவங்க நிறையப் பேர்" என்றார். எனக்கு அத்தையின் முகம் வந்து போனது. அந்த டாக்டரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

பிறகு அவர் இஞ்சுவின் கையை வாங்கினார். ஒவ்வொரு கணுவாக அழுத்தினார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கும் என்று கேட்டார். என்ன மாத்திரை என்று கேட்டார். இஞ்சு அந்த வெள்ளை மாத்திரையைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாத்தியா, அவன்தான். அந்த மருந்துக் கடைக்காரன்" என்று லாரிக்காரன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஒரு நாளில் இரண்டாவது குற்றவாளி கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

"உக்காருங்க. அது ஸ்டீராய்டு, அதுவும் எலும்பைக் கரைக்கும்தான். ஆனா அதுக்கு முன்னாடியே எதுவோ ஆரம்பிச்சிருக்குன்னு நெனைக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி கை ஒடஞ்சப்போ எடுத்த படம் இருக்கா?"

இஞ்சு தரையைப் பார்த்தாள். "இருக்குங்க. பாக்கெட்டா இருக்கு."

"என்னது?"

"ரெண்டு பாக்கெட்டு, ஒரு காலருங்க."

டாக்டரம்மா இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டார். மெஷின்காரரைக் கடைக்கு ஓட விட்டோம். ஒரு மணி நேரத்தில் வந்தார். மூன்று வடிவங்களையும், வெட்டிப்போட்ட ஓரங்களையும்கூட ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். டாக்டரம்மா வெளிச்சப் பெட்டிமேல் அவற்றைச் சேர்த்துச் சேர்த்து வைத்தார். இஞ்சு, "அந்த வளைவு இந்தப் பக்கம் வரும் மேடம்" என்று சொல்லிக் கொடுத்தாள். தன் கையைத் தானே தைக்கிற மாதிரி இருந்தது. பாக்கெட் வளைவும் காலர் முனையும் சேர்ந்த இடத்தில் விரல் கணுக்கள் தெரிந்தன.

"இங்க பாருங்க. கணு ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கா? சுத்தியிருக்கிற எலும்பும் வெளிறிக் கிடக்கு. இது மாத்திரைக்கு முன்னாடி எடுத்த படம். அப்பவே இருந்திருக்கு. முடக்குவாதம். ரத்தத்துலயும் பாத்துடலாம், ஆனா எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல."

ஒரு நாள் முழுக்கச் சந்தேகம் என்ற சொல்லையே கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, சந்தேகம் இல்லை என்பது புதுசாக இருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். எலும்பு என்பது உயிரில்லாத கட்டை இல்லையாம். அதற்குள் ஓயாமல் வேலை நடக்கிறதாம். பழைய எலும்பைக் கரைப்பதற்கு ஒரு கூட்டம், புதுசு கட்டுவதற்கு ஒரு கூட்டம்.

"பிரிக்கிறவ ஒருத்தி, தைக்கிறவ ஒருத்தி" என்றாள் இஞ்சு.

"அதேதான். ரெண்டு பேரும் சமமா வேலை செஞ்சா எலும்பு நல்லா இருக்கும். இப்ப, உடம்புக்குள்ள காவலுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. வெளியில இருந்து கிருமி வந்தா பிடிக்கிற கூட்டம். உங்களுக்கு அதுங்க உங்க சொந்த மூட்டையே திருடன்னு நெனச்சுக்கிட்டு அடிக்குதுங்க. அதான் வீக்கம். அடிக்கும்போது அதுங்க போடுற கூச்சல் எலும்பு வரைக்கும் கேக்குது. அந்தக் கூச்சலைக் கேட்டா பிரிக்கிறவளுக்கு வெறி புடிச்ச மாதிரி வேலை. தைக்கிறவளுக்குக் கை ஓடாது. விரல்ல மட்டுமில்ல, முதுகெலும்புல, விலாவுல, எல்லா இடத்துலயும். முதுகுல ரெண்டு கட்டை நசுங்கியிருக்கு. அதனாலதான் உயரம் குறைஞ்சிருக்கு."

"காவலுக்கு வந்தவங்க வீட்டு ஆளையே திருடன்னு பிடிச்சு உதைக்கிறாங்க" என்றாள் இஞ்சு, அண்ணனைப் பார்த்து. "எங்க அண்ணன் மாதிரி."

லாரிக்காரன் காலண்டரைப் படித்தான்.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொந்தக் கதை என்றால் நான்தானே. முப்பது வருஷத்துக்கு முன் செத்தவர்களின் மூக்கு நீளம் வரை சொல்வேன். என் அம்மா பாத்திரத்தை விரலால் பிடிக்காமல் இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கித் தூக்குவார். அதை நாங்கள் அவர் பாணி என்று நினைத்திருந்தோம். என் அக்கா சாகும்போது என் தோளுக்குக் கீழே இருந்தாள், சின்ன வயதில் என்னைவிட உயரம். கூன் போட்டுவிட்டாள் என்றோம். இத்தனையும் என் ஞாபகத்தில் அப்படியே இருந்தது. எதற்கு என்று தெரியாமல் இருந்தது. யார் யாரை அடித்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவள், இதை எண்ணவில்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியாக, "விலா எப்படி ஒடஞ்சுது? படத்தைப் பாத்தா பக்கவாட்டுல. மேசை விளிம்பு முன்னாடிதானே குத்தும்" என்றார்.

இஞ்சு வாயைத் திறக்குமுன் கதவோரம் நின்றிருந்த மெஷின்காரர் சொன்னார்: "என் கையிலதாங்க."

லாரிக்காரன் திரும்பினான். நானும்தான்.

"காலைல இவளால கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியாது. நான்தான் தினமும் அக்குள்ல கை குடுத்துத் தூக்குவேன். அன்னிக்கும் தூக்கினேன். சத்தம் கேட்டுச்சு. சுள்ளி ஒடையற மாதிரி."

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் இஞ்சு. "சொன்னா அண்ணன் இவரை உயிரோட விடுவானா? அதான் மேசைன்னேன்."

காப்பாற்றச் சொன்ன பொய்தான் அவரைக் கூண்டில் ஏற்றியிருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்ததற்கும், பின்னால் கட்டிக்கொண்டதற்கும் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் சந்தேகித்ததைவிட அதிகமாக அவர் தன்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவரிடம், "நல்ல எலும்பு தூக்குறதுக்கு ஒடையாது. நீங்க ஒடைக்கல, அது ஏற்கெனவே தேஞ்சு போயிருந்துச்சு" என்றார். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியாது.

காவல்காரர்களை அமைதிப்படுத்த வாரம் ஒரு மாத்திரை, பிரிக்கிறவளைக் கட்டிப்போட ஒரு ஊசி, இன்னும் சில எழுதிக் கொடுத்தார். வெள்ளை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். "தைக்கலாமா?" என்று இஞ்சு கேட்டாள். அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷம் அவள் விரலை எந்த வைத்தியரிடமும் காட்டவில்லை. "தைங்க. நடுவுல எந்திரிச்சு நடங்க. கனம் தூக்காதீங்க" என்றார். இவ்வளவுதானா என்பது போல இஞ்சு உட்கார்ந்திருந்தாள்.

இழந்த உயரம் திரும்ப வராதாம். இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மெஷின்காரர் அவளைத் தொட்டுத் தூக்குவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய மெஷின் ஸ்டாண்டின் குழாயை வளைத்துச் சுவரில் பதித்துக் கைப்பிடி செய்து கொடுத்தார். கழிப்பறையில் ஒன்று, வெட்டு மேசை ஓரத்தில் ஒன்று. "வீட்டையே பஸ் மாதிரி ஆக்கிட்டாரு, டிக்கெட் மட்டும்தான் குடுக்கல" என்று இஞ்சு போனில் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "கையைப் பின்னாலயே கட்டிக்கிட்டு நிக்கறாரு சித்தி" என்றாள். மணிக்கட்டும் விலாவும் கூடிவிட்டன. அது மட்டும் கூடவில்லை.

இந்த வருஷம் கடை திறந்த தேதிக்கு நானும் போயிருந்தேன். லாரிக்காரனும் வந்திருந்தான், யாரும் கூப்பிடாமல், இரும்பு டேப்போடு. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வராது, எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் வந்ததில்லை. மெஷின்காரருக்கென்று ஒரு திருப்புளி செட் வாங்கி வந்து மெஷின்மேல் வைத்தான். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

இஞ்சு கதவு நிலையில் நின்றாள். தரை மேடுபள்ளமாக இருக்கிறது என்று லாரிக்காரன் ஒரு பலகை போட்டிருந்தான், அதன்மேல் நிற்க வைத்தான். மெஷின்காரர் அளந்தார். எறியப்பட்ட நாலு டேப்பில் ஒன்றைத்தான் வேண்டுமென்றே எடுத்திருந்தார்.

"அறுபத்து ஒண்ணே கால்."

"தள்ளுங்க மாப்ள" என்று லாரிக்காரன் இரும்பு டேப்பைப் பிடித்தான். குனிந்தான், நிமிர்ந்தான், கண்ணைச் சுருக்கினான். "அறுபத்து ஒண்ணே கால். ஒரு நூல் குறையல." பலகையின் கனத்தைக் கழித்தாயா என்று நான் கேட்டேன். கழித்தேன் என்றான். திரும்ப ஒரு தடவை அளந்தான்.

"இன்னும் சந்தேகமா அண்ணா?"

"பழக்கம்" என்றான்.

மெஷின்காரர் நோட்டில் எழுதினார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் லாரிக்காரன் தன் கையெழுத்தைப் போட்டான். இனி யாரும், இது அவர் எழுத்துதானே என்று கேட்கக் கூடாதாம்.

இஞ்சு பலகையை விட்டு இறங்க வேண்டும். நாலு விரற்கடை உயரம்தான். முதல் தடவை முக்காலியிலிருந்து விழுந்தவள் என்பதால் எல்லோரும் அவள் காலைப் பார்த்தோம். கதவு நிலையில் கைப்பிடி இல்லை. மெஷின்காரர் பக்கத்தில்தான் நின்றார், கைகள் முதுகுப் பக்கம்.

"கையைக் குடுங்க" என்றாள்.

அவர் அசையவில்லை.

"தூக்கச் சொல்லல. சும்மா நீட்டுங்க. குழாய்ன்னு நெனச்சுக்கறேன்."

அவர் வலது கையை முன்னால் கொண்டுவந்து, முஷ்டியை மூடி, விறைப்பாக நீட்டினார். சுவரில் பதித்த குழாய் மாதிரியேதான் இருந்தது. அவள் முதலில் டேப்பை வாங்கி அவர் கழுத்தில் மாலையாகப் போட்டாள். அப்புறம் அவர் முழங்கையைப் பிடித்து, பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு, ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி, இறங்கினாள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

இறங்கிய பிறகும் அவள் பிடியை விடவில்லை. யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று லாரிக்காரன் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். பிடித்திருந்தது அவள்தான்.